ஊரடங்கு முடிந்த பின்னும் ஊரடங்குப் பழக்கங்கள் ஏன் தங்கிவிடுகின்றன?

கோவிட் பெருந்தொற்றுக்கால ஊரடங்கு விலக்கப்பட்டதும் கடைகள் திறந்தன, பேருந்துகள் ஓடின, பள்ளி மணி மறுபடி அடித்தது. மனிதர்களின் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் நடையும் மட்டும் அந்த அறிவிப்புக்குக் கட்டுப்படவில்லை. நள்ளிரவு தாண்டிப் படுக்கப் பழகியவர்கள் காலை அலுவலகத்துக்குத் தூக்கக் கலக்கத்தோடு போனார்கள். மாலையில் திரைமுன் எதையாவது கொறிக்கப் பழகிய கை, பசி இல்லாத மாலையிலும் அதையே தேடியது. இன்னொரு பக்கம், வீட்டில் அடைந்திருந்த மாதங்களில் தவறாமல் உடற்பயிற்சி செய்த பலர், வெளியே போகத் தொடங்கிய சில வாரங்களில் அதைக் கைவிட்டார்கள். வேண்டாதது ஒட்டிக்கொள்கிறது, வேண்டியது நழுவிப்போகிறது என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. தனக்கு மனஉறுதி போதவில்லை என்று தன்னையே நொந்துகொண்டவர்கள் அவர்களைவிட அதிகம்.

அப்படி நொந்துகொள்ள வேண்டியதில்லை என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பழக்கம் என்பது எதைப் பற்றிக்கொண்டு வாழ்கிறது என்று தெரிந்துவிட்டால், எது தங்கியது, எது போனது, ஏன் என்பதெல்லாம் பெரும்பாலும் விளங்கிவிடும்.

பழக்கம் எங்கே வாழ்கிறது

ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யும்போது மூளை அந்த இடத்தையும் நேரத்தையும் செயலோடு முடிச்சுப் போட்டுவிடுகிறது. அதன் பிறகு யோசனை தேவைப்படுவதில்லை. அந்தச் சூழல் கண்ணில் பட்டதும் செயல் தானாகத் தொடங்கிவிடும். இப்படிச் செயலைத் தொடங்கிவைப்பதைத் தூண்டல் என்று வைத்துக்கொள்வோம். கடிகார நேரம், இருக்கும் இடம், உடன் இருக்கும் ஆள், சற்றுமுன் செய்து முடித்த வேலை, அப்போதைய மனநிலை என்று எது வேண்டுமானாலும் தூண்டலாக அமையலாம்.

பழக்கங்களைப் பற்றிப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்துவரும் உளவியலாளர் வெண்டி வுட், 2002இல் தம் சகாக்களோடு ஓர் ஆய்வை வெளியிட்டார். மாணவர்கள் மணிக்கொருமுறை தாங்கள் செய்துகொண்டிருப்பதையும் அப்போது நினைத்துக்கொண்டிருப்பதையும் குறித்துவைத்தார்கள். அன்றாடச் செயல்களில் ஏறக்குறைய 43 சதவீதம், அநேகமாகத் தினமும் அதே சூழலில் செய்யப்படுபவையாக இருந்தன. பல நேரங்களில் கை ஒன்றைச் செய்துகொண்டிருக்க, மனம் வேறெங்கோ இருந்தது.

சாப்பாட்டுக்கு இது எப்படிப் பொருந்துகிறது என்பதை 2011இல் வெளியான மற்றோர் ஆய்வு தெளிவாகக் காட்டியது. இதிலும் வெண்டி வுட்டுக்குப் பங்கு உண்டு. திரையரங்குக்கு வந்தவர்களில் சிலருக்கு அன்று பொரித்த பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரப் பழையதும் கொடுத்தார்கள். பழையதைத் தின்றவர்கள் அது நன்றாக இல்லை என்றே சொன்னார்கள். ஆனாலும் திரையரங்கில் எப்போதும் பாப்கார்ன் தின்று பழகியவர்கள், புதியது கிடைத்தவர்கள் தின்ற அளவுக்கே பழையதையும் தின்றார்கள். கூட்டம் நடத்தும் சாதாரண அறையில் காணொளி பார்க்கவைத்துக் கொடுத்தபோதோ, அத்தகைய பழக்கம் உள்ளவர்களும் பழையதைக் குறைவாகவே தொட்டார்கள். பாப்கார்ன் அதுதான், மாறியது இடம் மட்டுமே. பசியும் ருசியும் இல்லாவிட்டாலும் இடம் ஒன்று இருந்தாலே வாய் அசையத் தொடங்கிவிடும் என்பதற்கு இதைவிட நேரடியான சான்றை நான் பார்த்ததில்லை. ஊரடங்கு காலத்துச் சாப்பாட்டைப் புரிந்துகொள்ள நினைப்பவர்கள் இந்த ஆய்விலிருந்தே தொடங்கலாம்.

ஒரு செயல் பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று பரவலாகச் சொல்லப்படுவதற்கு அடிப்படை இல்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் சகாக்களும் 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்தார்கள். ஒவ்வொருவரும் சாப்பாடு, குடிநீர், உடற்பயிற்சி இவற்றில் ஒரு புதிய செயலைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒரே தூண்டலோடு சேர்த்துச் செய்தார்கள். செயல் தானாக நடக்கும் நிலையை எட்ட நடுத்தரமாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் அது 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபடும் என்று கணக்கிட்டார்கள். ஒரு குவளை தண்ணீர் குடிப்பது போன்ற எளிய செயல்கள் விரைவாகப் படிந்தன. உடற்பயிற்சி மெதுவாகப் படிந்தது. இந்த வித்தியாசத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திறந்து கொறிப்பது எளிய செயல். பாயை விரித்து அரை மணி நேரம் பயிற்சி செய்வது எளிய செயல் அல்ல. ஊரடங்கு நீடித்த சில மாதங்களில் முன்னது முற்றாகப் படிந்துவிடலாம், பின்னது பாதி வழியில் நின்றிருக்கலாம்.

அடைந்திருந்த மாதங்களில் நடந்தவை

உலக சுகாதார நிறுவனம் கோவிட்-19 நோயைப் பெருந்தொற்று என்று விவரித்தது 2020 மார்ச் 11 அன்று. அடுத்த சில வாரங்களில் நாடு நாடாக ஊரடங்கு வந்தது. திறன்பேசிச் செயலி ஒன்றைப் பயன்படுத்திய, 187 நாடுகளைச் சேர்ந்த 4,55,404 பேரின் காலடி எண்ணிக்கையை ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். அந்த அறிவிப்பு வந்து 30 நாளில் தினசரி நடை சராசரியாக 27.3 சதவீதம், அதாவது ஏறத்தாழ 1,400 காலடி குறைந்திருந்தது. அந்த 1,400 காலடியை அதுவரை யாரும் உடற்பயிற்சி என்று எண்ணியதே இல்லை. பேருந்து நிறுத்தம்வரை நடப்பது, மாடி ஏறுவது, சக ஊழியரின் மேசைக்குப் போய்வருவது என்று அன்றாட வேலைக்குள் ஒளிந்திருந்த நடை அது. ஒளிந்திருந்ததால்தான் அது போனதும் தெரியவில்லை. அதே ஆண்டு 1,047 பேரிடம் நடத்திய ஒரு பன்னாட்டு ஆய்வில், உட்கார்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 5 மணியிலிருந்து 8 மணிக்குக் கூடியது தெரிந்தது.

சாப்பாட்டின் பக்கம் மாற்றம் இன்னும் சிக்கலானது. வேலை, படிப்பு, பொழுதுபோக்கு, சாப்பாடு எல்லாம் ஒரே அறைக்குள், சிலருக்கு ஒரே மேசையில் நடந்தன. சாப்பாட்டுக்கென்று தனி இடம் இல்லாமல் போனதால் எல்லா இடமும் சாப்பிடும் இடமாயிற்று. முன்பு உணவு இடைவேளை சாப்பாட்டைத் தொடங்கிவைத்தது மட்டுமின்றி முடித்தும் வைத்தது. அந்த முடிவுக்கோடு அழிந்தது. இதன்மேல் மனஅழுத்தமும் சேர்ந்தது. மனஅழுத்தம் நீடிக்கும்போது கார்டிசால் என்னும் ஹார்மோன் கூடுகிறது. அப்போது பலருக்கு இனிப்பும் கொழுப்பும் மிகுந்த உணவின்மேல் நாட்டம் ஏற்படுகிறது. அதைத் தின்றதும் கிடைக்கும் சிறிய ஆறுதல், அடுத்த முறை கவலை வரும்போது அதே உணவைத் தேடவைக்கிறது. கவலையே தூண்டலாகிவிடுகிறது. எங்கும் கவலை நிறைந்திருந்த காலத்தில் இந்த முடிச்சு எவ்வளவு முறை இறுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்.

நல்ல பக்கமும் இருந்தது. வீட்டில் சமைப்பது கூடியது. பல நாடுகளில் மாவும் ஈஸ்ட்டும் கடை அலமாரிகளில் தீர்ந்துபோகும் அளவுக்கு மக்கள் சமையலில் இறங்கினார்கள். தூக்கத்திலும் ஒரு நன்மை. வேலைநாளில் ஒரு நேரமும் விடுமுறையில் வேறு நேரமும் தூங்கி எழுவதால் உடற்கடிகாரம் வாராவாரம் அலைக்கழிகிறது. ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் ஊரடங்கின்போது அந்த அலைக்கழிப்பு குறைந்தது, தூங்கும் நேரம் சற்றுக் கூடியது. ஆனால் நல்ல தூக்கம் தூங்கினோமா என்று கேட்டபோது தரம் குறைந்ததாகவே மக்கள் சொன்னார்கள். படுக்கும் நேரம் பின்னுக்குப் போனதும், பகலில் வெளிச்சம் படாமல் அறைக்குள் இருந்ததும், அச்சமும் அதற்குக் காரணங்கள்.

இரண்டு முறிவுகள்

உளவியலாளர் பாஸ் வெர்பிளாங்கன் முன்வைத்த ஒரு கருத்து உண்டு. வாழ்க்கைச் சூழல் திடீரென மாறும்போது பழைய தூண்டல்கள் மறைகின்றன. பழக்கங்கள் அப்போது தளர்ந்து, புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு சிறிது காலத்துக்குத் திறக்கிறது. பிறகு புதிய சூழல் பழகிப்போய் அந்த வாய்ப்பு மூடிக்கொள்கிறது. 800 வீடுகளை வைத்து அவரும் சகாவும் செய்து 2016இல் வெளியான ஆய்வில், அண்மையில் குடிமாறியவர்களே சுற்றுச்சூழலுக்கு உகந்த புதிய வழக்கங்களை எளிதாக ஏற்றார்கள். அந்த இளகிய காலம் ஏறத்தாழ மூன்று மாதம் நீடித்தது.

ஊரடங்கு அப்படிப்பட்ட ஒரு முறிவு என்பது எல்லோருக்கும் தெரியும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, ஊரடங்கின் முடிவும் அதே அளவு பெரிய முறிவு என்பதை. முதல் முறிவில் வெளியுலகின் தூண்டல்கள் மறைந்தன. இரண்டாவதில் அவை திரும்பி வந்தன, ஆனால் வீட்டுக்குள் புதிதாகப் படிந்த தூண்டல்கள் போய்விடவில்லை. மனிதர்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் மூன்றாவது நிலைக்கு வந்தார்கள்.

இப்போது தொடக்கத்தில் பார்த்த புதிருக்குத் திரும்பலாம். ஒரு பழக்கம் தங்குமா போகுமா என்பது அது நல்லதா கெட்டதா என்பதைப் பொறுத்ததன்று. அதன் தூண்டல் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. காலையில் உடற்பயிற்சி செய்தவருக்குத் தூண்டலாக இருந்தது, பயணத்தால் பறிக்கப்படாத அந்த வெறுமையான காலை நேரம். அலுவலகப் பயணம் திரும்பியதும் அந்த நேரமே இல்லாமல் போனது, பயிற்சியும் போனது. படுக்கையில் கைபேசி பார்க்கும் பழக்கத்துக்குத் தூண்டல் படுக்கை. ஊரடங்கு வந்தாலும் போனாலும் படுக்கை அங்கேயே இருக்கிறது. திரைமுன் கொறிப்பதற்குத் தூண்டல் திரை. அதுவும் அங்கேயே இருக்கிறது. வீட்டுக்குள் தூண்டல் உள்ள பழக்கங்கள் தங்கின, வெறுமையான நேரத்தை நம்பிய பழக்கங்கள் கலைந்தன. மாலைக் கொறியலும் இரவுக் கைபேசியும் வீட்டைச் சார்ந்தவையாக அமைந்துபோனதால்தான், கெட்டது மட்டும் தங்குவதுபோல் தோன்றுகிறது.

தூண்டலைத் தவிர இன்னும் இரண்டு காரணங்கள் ஒரு பழக்கத்தைத் தங்கவைக்கின்றன. ஒன்று, எளிமை. செயலியில் முகவரியும் அட்டை எண்ணும் ஒருமுறை பதிந்துவிட்டால் அடுத்த முறை உணவு வரவழைக்க விரல் அசைந்தால் போதும். முதல் முறைக்கு இருந்த தடை இரண்டாம் முறைக்கு இல்லை. மற்றொன்று, அறிவு. சமைக்கத் தெரியாதவர் ஒருமுறை கற்றுக்கொண்டால் அந்தத் திறமை அவரை விட்டுப் போவதில்லை. தினமும் சமைக்க நேரமில்லாமல் போகலாம், ஆனால் வேண்டியபோது அது கைகொடுக்கும். வேறு வழியில்லாமல் முயன்று பார்த்த ஒன்று, முன்பைவிட மேலானது என்று தெரிந்து நிலைத்துவிடுவதும் உண்டு. 2014 பிப்ரவரியில் லண்டன் சுரங்க ரயில் வேலைநிறுத்தத்தின்போது பயணிகள் இரண்டு நாள் வேறு வழிகளில் போக நேர்ந்தது. வேலைநிறுத்தம் முடிந்த பின்னும் அவர்களில் ஏறத்தாழ 5 சதவீதத்தினர் பழைய தடத்துக்குத் திரும்பவில்லை என்பதைப் பயண அட்டைத் தரவுகளிலிருந்து பொருளாதார ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். ஆண்டுக்கணக்கில் போய்வந்த வழியைவிடத் தங்களுக்கு உகந்த வழி ஒன்று இருப்பது அவர்களுக்கு அதுவரை தெரியாமலே இருந்தது. இரண்டு நாளைக்கே இவ்வளவு என்றால், பல மாதம் நீடித்த ஊரடங்கில் எத்தனை பேர் தங்களுக்குப் பொருந்தும் சாப்பாட்டு நேரத்தையும் தூக்க நேரத்தையும் முதன்முதலாகக் கண்டுகொண்டிருப்பார்கள்!

உடல் தன் வேகத்தில்தான் திரும்பும்

நேர அட்டவணையை ஒரே நாளில் மாற்றலாம். உடலை அப்படி மாற்ற முடியாது. உடற்கடிகாரத்தை நேர்ப்படுத்துவதில் முதன்மையான பங்கு வெளிச்சத்துக்கு உண்டு. காலை வெளிச்சம் அதை முன்னுக்கு இழுக்கிறது, இரவு வெளிச்சம் பின்னுக்குத் தள்ளுகிறது. பல வாரங்களாகத் தள்ளிப்போன தூக்கம் திரும்பிவர நாட்கள் ஆகும். தூக்கம் குறைந்தால் பசியும் கூடும் என்பதால், அந்த இடைப்பட்ட நாட்களில் அதிகம் சாப்பிடத் தோன்றுவது இயல்பு. எடையைப் பொறுத்தவரை உடல் இன்னும் பிடிவாதமானது. எடை குறையத் தொடங்கியதும் பசியைக் கூட்டியும் ஆற்றல் செலவைக் குறைத்தும் எதிர்த்து நிற்கும். ஏறியதைப் போலவே இறங்கிவிடும் என்று எதிர்பார்த்துப் பட்டினி கிடப்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள். முதியவர்களுக்குத் தசை இழப்பு இதைவிடக் கவலைக்குரியது. இரண்டு வாரம் நடை குறைந்தாலே அவர்களின் கால் தசை கரையத் தொடங்குவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதை மீட்க நடை மட்டும் போதாது, நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது போன்று தசைக்கு வேலை கொடுக்கும் பயிற்சியும் போதிய புரதமும் வேண்டும்.

எல்லோருக்கும் ஒரே ஊரடங்கு அல்ல

எல்லோரும் பெருத்துவிட்டார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. அமெரிக்க உளவியல் சங்கம் 2021 பிப்ரவரியில் நடத்திய கருத்துக்கணிப்பில், விரும்பாமல் எடை கூடியதாகச் சொன்ன பெரியவர்கள் 42 சதவீதம். விரும்பாமல் எடை குறைந்ததாகச் சொன்னவர்கள் 18 சதவீதம். அதே பெருந்தொற்று சிலரைக் கொறிக்கவைத்தது, சிலரின் பசியைக் கொன்றது.

இதைவிட முக்கியமானது, ஊரடங்கில் உணவு பழக்கமாக மாறாமல் பற்றாக்குறையாக மாறியவர்களின் நிலை. உலக உணவுத் திட்டத்தின் கணக்குப்படி 2020இல் பள்ளிகள் மூடப்பட்டதால் 37 கோடி குழந்தைகள் பள்ளி உணவை இழந்தார்கள். பல குழந்தைகளுக்கு அன்றைய ஒரே முழு வேளைச் சாப்பாடு அதுதான். ஐக்கிய நாடுகள் சபையின் மதிப்பீட்டில் அந்த ஆண்டு 72 கோடி முதல் 81 கோடி பேர் வரை பசியில் இருந்தார்கள். புதிய சமையல் கற்றுக்கொண்ட கதைகளையே சொல்லிக்கொண்டிருந்தால் இவர்கள் நம் கண்ணிலிருந்து மறைந்துவிடுவார்கள். வருமானம் போன குடும்பம் மலிவான, வயிறு நிறைக்கும், சத்துக் குறைந்த உணவுக்கு மாறியிருந்தால், அதைத் தவறான பழக்கம் என்று அழைக்க யாருக்கும் உரிமை இல்லை. அங்கே மாற வேண்டியது வருமானம்.

குழந்தைகளில் மற்றொரு திசையிலும் பாதிப்பு தெரிந்தது. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையங்கள் 2 முதல் 19 வயது வரையுள்ள 4,32,302 பேரின் தரவுகளைப் பார்த்தபோது, உடல் நிறை குறியெண் (உயரத்தோடு ஒப்பிட்ட எடையின் அளவு) கூடும் வேகம் பெருந்தொற்றுக் காலத்தில் ஏறத்தாழ இரட்டிப்பாகியிருந்தது. ஓடியாட இடமில்லாமல் பள்ளி நேர ஒழுங்கும் இல்லாமல் இருந்த பிள்ளைகளை இதற்காகக் கேலி செய்வது பெருந்தவறு. வளரிளம் பருவத்தினரிடம் உணவுண்ணல் கோளாறுகள் அதே காலத்தில் பல நாடுகளில் கூடின. எடையைப் பற்றிய கேலி அவற்றை மோசமாக்கவே செய்யும். குடிப்பழக்கமும் இங்கே சொல்லப்பட வேண்டும். அமெரிக்காவில் மது தொடர்பான இறப்புகள் 2019இல் ஏறத்தாழ 79,000 ஆக இருந்து 2020இல் 99,000 ஆயின. தினமும் அதிகமாகக் குடித்துவந்தவர் ஒரே நாளில் முற்றாக நிறுத்துவது வலிப்பு போன்ற ஆபத்தில் முடியக்கூடும். நிறுத்த விரும்புவோர் முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாற்ற நினைப்பவர்களுக்கு

எடை, கலோரி போன்ற இலக்குகளிலிருந்து தொடங்காமல் தூண்டலிலிருந்து தொடங்குவதே சிறந்தது என்பது என் உறுதியான எண்ணம். விலக்க நினைக்கும் பழக்கம் எப்போது, எங்கே, எதற்குப் பிறகு தொடங்குகிறது என்று சில நாள் கவனித்து எழுதிவைத்தால், அது பெரும்பாலும் ஒன்றிரண்டு இடங்களிலேயே தொடங்குவது தெரியும். அந்த இடத்தை மாற்றுங்கள். மேசையில் வேலை, சாப்பாடு வேறிடத்தில். கொறிக்கும் பொருள் கைக்கெட்டாத இடத்தில். உணவுச் செயலியில் பதிந்த அட்டை எண்ணை நீக்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் எண்களைத் தட்டச்சு செய்ய வேண்டியிருக்கும். அந்தச் சிறு தடை யோசிக்க நேரம் தரும்.

தூக்கத்தில் முதலில் பிடிக்க வேண்டியது எழும் நேரம். படுக்கும் நேரத்தை வற்புறுத்த முடியாது, ஆனால் தினமும் ஒரே நேரத்தில் எழுந்து வெளிச்சத்துக்கு வந்தால் இரவில் தூக்கம் மெல்ல முன்னே வரும். உடலுழைப்புக்கு உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. குறைந்தது 10 நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனை அதில் இல்லை. மாடி ஏறும் இரண்டு நிமிடமும் கணக்கில் சேரும். ஊரடங்கு விழுங்கிய ஒளிந்த நடையை மீட்க இது நல்ல வழி. இடையில் ஒரு நாள் தவறிவிட்டால் கவலை வேண்டாம். லாலியின் ஆய்வில் ஒரு நாள் விடுபட்டது பழக்கம் படிவதைக் குறிப்பிடத்தக்க அளவில் பாதிக்கவில்லை.

வாரத்தில் சில நாள் அலுவலகம், சில நாள் வீடு என்று வேலை செய்பவர்களுக்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அவர்களுக்கு ஊரடங்கும் திறப்பும் வாராவாரம் நடந்துகொண்டே இருக்கின்றன. அலுவலக நாளின் தூண்டல் வீட்டு நாளில் இருக்காது. ஆகவே பேருந்தை விட்டு இறங்கியதும் நடப்பேன் என்பது போன்ற திட்டம் பாதி நாளில் உடைந்துவிடும். இரண்டு வகை நாளுக்கும் பொதுவான செயலோடு புதிய பழக்கத்தைக் கட்ட வேண்டும். பல் துலக்குவது, குளிப்பது, மதிய உணவை முடிப்பது போன்றவை எல்லா நாளும் வருகின்றன. மதிய உணவு முடிந்ததும் பத்து நிமிட நடை என்று வைத்துக்கொண்டால், அது அலுவலக வளாகத்திலும் நடக்கும், வீட்டு மொட்டைமாடியிலும் நடக்கும்.